இப்போதைக்கு இல்லை

கூப்பிடும்வரை எங்கேயும் போகக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது, கூப்பிட்டதும் உள்ளே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு வக்கீல் கேசவமூர்த்தி போய் வெகுநேரமாகிவிட்டது. அம்பலவாணனுக்கு ஒண்ணுக்கு முட்டிக்கொண்டிருந்தது. கழிப்பறை கோர்ட்டுக்குப் பின்னால், பாசி பிடித்த படிகளில் இறங்கிப் போக வேண்டும். போன நேரம் பார்த்து டவாலி பெயரைக் கூப்பிட்டு, ஆளைக் காணோம் என்று நீதிபதி பிடிவாரண்ட் போட்டுவிட்டால்? போட மாட்டார். போடவும் போடலாம். போடுவதற்கு வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இங்கேயும் இதே கணக்கா என்று அவருக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஐம்பத்தேழு வயது, நிலவியலில் டாக்டர் பட்டம், மண்சரிவைப் பற்றி வெளிமாநிலத்துக்காரர்கள் வந்து கேட்டுக்கொண்டு போகிற அளவுக்குப் பெயர், மூத்திரம் போகலாமா வேண்டாமா என்பதற்கு மட்டும் விடை இல்லை. காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். வராந்தாவின் தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்ச் சாய்ப்பில் டைப் அடிக்கிறவர் யாருடைய பிரமாணப் பத்திரத்தையோ தடதடவென்று அடித்துக்கொண்டிருக்க, நனைந்த ஸ்வெட்டர்களின் ஆட்டு வாடை வராந்தா முழுக்க அடித்தது. மற்றவர்களுக்கு மழை என்றால் சத்தம், குளிர், குடை. அவருக்கு மழை என்றால் மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர். இந்நேரம் புல்வேரைத் தாண்டியிருக்கும், செம்மண்ணைத் தாண்டியிருக்கும், கீழே வழுக்குப் பாறை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும். தேடட்டும். யாருக்கும் அவர் எதுவும் சொல்லப்போவதில்லை. சம்பளம் பாதி, வேலை நிறுத்திவைப்பு, வாயும் நிறுத்திவைப்பு.

வழக்கு சிக்கலானது என்று பத்திரிகைகள் எழுதின. அவருக்கு அப்படித் தெரியவில்லை. கல்மட்டம் எஸ்டேட்டில் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டிருந்தது. நிலவியல் துறை அவரை அனுப்பியது. போய்ப் பார்த்தார். ஜனங்களைக் கூட்டி வைத்திருந்தார்கள். இது சரியுமா சார் என்று கேட்டார்கள். இப்போதைக்கு இல்லை என்றார். அந்த வாரம் முடிவதற்குள் ஒரு விடியற்காலை மலை இறங்கிவிட்டது. பதினோரு பேர். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக அவர்மேல் வழக்கு. இவ்வளவுதான். இதில் எல்லாரும் பிடித்துக்கொண்டு தொங்குவது அந்த ஒரு வார்த்தையை. இப்போதைக்கு. சாட்சி விசாரணை முடிந்துவிட்டது, இன்றைக்கு நீதிபதி அவரையே கேட்கப்போகிறார். காலையில் டீக்கடையில் வைத்துக் கேசவமூர்த்தி வர்க்கியை டீயில் நனைத்தபடி பாடம் எடுத்தார். “சார், நீங்க விளக்கமே கொடுக்காதீங்க. நீங்க விளக்க ஆரம்பிச்சீங்கன்னா நமக்கே சந்தேகம் வந்துருதுங்க. ‘இப்போதைக்கு’ன்னுதான் சொன்னேன், அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. அவ்வளவுதான். நிறுத்திருங்க.” அதுதான் உண்மையும் என்றார் அம்பலவாணன். “உண்மையா இருந்தா ரொம்ப நல்லதுங்க” என்று வக்கீல் கப்பில் விழுந்த வர்க்கித் துண்டை ஸ்பூனால் தேடினார். உண்மையா இருந்தால் நல்லதாம். முப்பது வருஷம் பாறையோடும் மண்ணோடும் வேலை பார்த்தவரை இப்படி ஒரு ஆளிடம் கொண்டுவந்து விட்டிருக்கிறது காலம். ஆனாலும் கேசவமூர்த்தி கெட்டவர் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவி வசுமதியிடம், அம்மா நீங்க கவலைப்படாதீங்க, சாரை வெளியே கொண்டுவந்துருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வெளியே கொண்டுவருவது என்றால் உள்ளே போவது நிச்சயம் என்றாகிறதே என்று அன்று முழுக்க அழுதாள். அவளுக்கும் வார்த்தைதான் பிரச்சினை.

அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். அதில் சந்தேகமே இல்லை. நாக்கு அன்றைக்கு அதைச் சொன்ன விதம்கூட ஞாபகம் இருக்கிறது, உடைந்த கடைவாய்ப் பல்லில் நாக்கு நுனி உரசிற்று. தேயிலை நிறுக்கும் கொட்டகை, தூறல், கழுத்தில் சாக்கைப் போட்டுக்கொண்டு பெண்கள். மைக்கைக் கையில் திணித்துவிட்டுத் தாசில்தார் காதோரம், சுருக்கமா முடிங்க சார், மந்திரி புரோகிராம் இருக்கு என்றார். சுருக்கமாக எப்படி முடிப்பது? அன்று மத்தியானம் முழுக்க அந்தச் சரிவில் ஏறி இறங்கியிருந்தார். வெடிப்பு இருந்தது. யாரோ தேயிலைக் கவாத்துக் குச்சிகளைப் போட்டு அதை மூடியிருந்தார்கள். அடியில் கசிவு இல்லை. மரங்கள் நேராக நின்றன. அப்படிப்பட்ட வெடிப்போடு அவருடைய சர்வீஸ் முழுக்க அசையாமல் நிற்கும் மலைகள் உண்டு, பார்த்துவிட்டு வந்த ராத்திரியே இறங்கியவையும் உண்டு. இங்கிலீஷில் எழுதும்போது இதற்கெல்லாம் வசதியாக வாக்கியம் இருக்கிறது. முற்றிலும் மறுப்பதற்கில்லை, எனினும் தற்சமயம் கிடைக்கும் தரவுகளின்படி என்று பத்தி பத்தியாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், யாரும் குறையும் சொல்ல மாட்டார்கள். தமிழில், மைக்கில், சாக்கு போட்ட பெண்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? முற்றிலும் மறுப்பதற்கில்லை தாய்மார்களே என்றா? ஒரு பெண் கேட்டாள், சரியுமா சரியாதா சார். உலகத்தில் உள்ள எல்லா ஆராய்ச்சியையும் அவள் ரெண்டு வார்த்தையில் மடக்கிவிட்டாள். அவருக்கு அப்போது மேல்கரை நினைவுக்கு வந்தது. மேல்கரையில் அதற்கு முந்தின வருஷம் இதே மாதிரி ஒரு சரிவு. அங்கே அவர் எல்லாரும் இறங்குங்கள் என்று சொல்லி அத்தனை குடும்பத்தையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் அடைத்தார். மலை அசையவில்லை. மழை விட்டு வெயில்கூட அடித்தது. பள்ளிக்கூடக் கக்கூஸ் நிரம்பி, ஒரு குழந்தைக்கு வாந்திபேதி கண்டு, கொழுந்து முற்றிப் போயிற்று என்று எஸ்டேட் மேனேஜர் மேலிடத்தில் புகார் கொடுத்து, துறையிலிருந்து விளக்கம் கேட்டு வந்தது. பொதுமக்களிடையே தேவையற்ற பீதியைக் கிளப்பியது ஏன்? பீதி. அந்த வார்த்தையை எந்தக் கிளார்க் தேடிப் பிடித்தானோ. மேல்கரைப் பிள்ளைகள் அவர் ஜீப்பைப் பார்த்தால் பூச்சாண்டி சார் வர்றார் என்று கத்தின. இப்போதும் அந்த மலை அப்படியேதான் நிற்கிறது. அதை நினைத்தால் அவருக்கு இன்றும் அந்த மலைமேல் கோபம் வரும். நீ அன்றைக்குக் கொஞ்சமாவது சரிந்து தொலைத்திருக்கலாம், ஆளில்லாத பக்கமாகப் பார்த்து. இப்படி நினைக்கிற மனுஷன் விஞ்ஞானியா? நினைத்தார். யாரிடமும் சொல்ல முடியாது, ஆனால் நினைத்தார்.

அதனால் கல்மட்டத்தில் இப்போதைக்கு இல்லை என்றார். எண்ணிப் பார்த்துச் சொன்ன வார்த்தை. இன்றைய நிலையில், இந்த மழையளவில், நாளை மழை கூடினால் மறுபடி பார்க்க வேண்டும், எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் இருந்தது. அவரைப் பொறுத்தவரை. பிறகு அந்தப் பெண் சாட்சி சொல்ல வந்தாளே, புஷ்பலீலா, சரியுமா சரியாதா என்று கேட்ட அதே பெண், மகளைப் பறிகொடுத்தவள். கூண்டில் நின்று பொய்யே சொல்லவில்லை. இப்போதைக்கு என்ற சொல்லை இவர் சொன்னாரா இல்லையா என்று கேசவமூர்த்தி கேட்டதும், “சொன்னாரு சார், சொல்லாமே என்ன” என்றாள். வக்கீல் வெற்றியோடு உட்கார்ந்தார். அரசு வக்கீல் எழுந்தார். சொன்னார் என்றால் அதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள் அம்மா? “எப்படின்னா? இல்லேன்னுதான். எங்க மவளைப் பொண்ணு பாக்க வந்தவுங்க இப்போதைக்கு வேணாம்னு சொல்லிட்டுப் போனாங்க. அப்புறம் வந்தாங்களா? ஆபீசுல போய் வேலை கேட்டா இப்போதைக்கு இல்லைங்கிறாங்க. அதுக்கு என்ன அர்த்தம், நாளைக்கு வான்னா? மூஞ்சிக்கு நேரா இல்லேன்னு சொல்ல மனசில்லாதவுங்க சொல்றதுதானே அது. சார் பெரிய படிப்புப் படிச்சவரு, மரியாதையா சொல்றாருன்னு நெனச்சோம்.” கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதிகூடக் கையால் வாயை மறைத்துக்கொண்டார். அம்பலவாணனுக்கும் கூண்டில் நின்றுகொண்டே சிரிப்பு வந்துவிட்டது. அதை எந்த ஜென்மத்தில் மறப்பது. மகளை இழந்தவள் பேசிக்கொண்டிருக்க, அதற்குக் காரணம் என்று நிறுத்தப்பட்டவன் சிரிக்கிறான். உடனே முகத்தைத் துடைப்பதுபோல் பாவனை செய்தார். அவள் பார்த்தாளோ என்னவோ. ஏன் சிரிப்பு வந்தது? அவள் சொன்னது சரி. அவரே வாழ்நாளெல்லாம் அந்த வார்த்தையை அப்படித்தான் புழங்கியிருக்கிறார். வசுமதியின் தம்பி பிசினஸுக்குக் கூட்டுச் சேரச் சொன்னபோது இப்போதைக்கு வேண்டாம் மாப்பிள்ளை. குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவிக்கு இப்போதைக்கு முடியாது. ஒருவரும் மறுபடி வந்து கேட்டதில்லை, இவரும் கேட்பார்கள் என்று எதிர்பார்த்ததில்லை. ஆனால் மலையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் உலகம் அதை அகராதிப்படி எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்தான். அல்லது வேண்டாம். மனசு இந்த இடத்துக்கு வந்ததும் செக்கு மாடாகிவிடும், சுற்றிச் சுற்றி அதே தடம். அப்பாவை மாயவரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது சின்ன வயசு டாக்டர் ஒருவர் வெளியே வந்து, இப்போதைக்குப் பரவாயில்லை சார் என்றார். இவர் என்ன செய்தார்? இன்றைய நிலையில், இந்த ரத்த அழுத்த அளவில் என்று விரித்துப் பொருள் கொண்டாரா? பஸ் ஏறி வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கினார். எழுப்பித்தான் சொன்னார்கள். அந்த டாக்டர்மேல் யாரும் வழக்குப் போடவில்லை. போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றியது. தோன்றியதும் வெட்கமாக இருந்தது. அந்தப் பையனும் பாவம், அவனுக்கு மட்டும் என்ன தெரியும்? ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்ததும் நிஜம். கைகூட எழுந்தது. அப்படியானால் இந்த ஜனங்கள் தன்னைக் கோர்ட்டுக்கு இழுத்ததில் என்ன தப்பு? தப்பு இருக்கிறது. அவர் இழுக்கப்பட்டதில் அல்ல, அவர் மட்டும் இழுக்கப்பட்டதில். வழுக்குப் பாறைமேல் லயன் கட்டிய எஸ்டேட்டு முதலாளி எங்கே? சுருக்கமா முடிங்க என்ற தாசில்தார், அவர் பேசி முடித்ததும் மைக்கைப் பிடுங்கி, கேட்டுக்கிட்டீங்களா, ஒண்ணுமில்லை, போய் நிம்மதியா தூங்குங்க என்று முழங்கினாரே, அவர் எங்கே? அரசுத் தரப்பு முதல் சாட்சி. சலவைச் சட்டையோடு வந்து, விஞ்ஞானி சொன்னதையே நான் திருப்பிச் சொன்னேன் ஐயா என்று கை கட்டிக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார். துறை? முப்பது வருஷத்தில் ஒரு மழைமானி கேட்டால் தராத துறை, அவர்மேல் வழக்கு நடத்த அனுமதியை ஓடி வந்து கொடுத்தது. கையைக் கழுவிய தண்ணீர் இன்னும் காயவில்லை. போன வாரம் அங்கிருந்து ஜூனியர் ஒருத்தன் போன் செய்தான், அன்பானவன்தான். “சார், இப்ப நாங்க உஷார் சார். எந்தச் சரிவைக் கேட்டாலும் மேப்புல சிவப்புதான். மொத்த மலையும் சிவப்பு. சரிஞ்சா சொன்னோம், சரியலைன்னா நல்லதுதானே” என்று சிரித்தான். ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். “யார் சார் பாக்குறா? மழைக்காலம் பூரா சிவப்புன்னா அவங்க என்ன பண்ணுவாங்க, பழகிட்டாங்க.” இதுதான் இந்த வழக்கின் பயன். பதினோரு பேர் செத்து, ஒரு ஆள் கூண்டில் ஏறி, கடைசியில் மலை முழுக்கச் சிவப்பு மை. போனை வைத்ததும் அவருக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது, வசுமதி அடுப்படியில் இருந்ததால் அடக்கிக்கொண்டார்.

ஒண்ணுக்கு இன்னும் முட்டியது. போய்விட்டு வந்துவிடலாமா? உள்ளே ஏதோ சொத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது, பாகப்பிரிவினை, பாகப்பிரிவினை என்று அரைகுறையாகக் காதில் விழுந்தது. அது முடிந்ததும் தான்தான். அம்பலவாணன் என்று மூன்று முறை நீட்டி முழக்குவான் அந்த டவாலி, சந்தையில் ஏலம் விடுகிற மாதிரி. பெயர் வைத்த அப்பா தில்லையை நினைத்து வைத்தார். இப்படி அம்பலத்தில் நிற்கப்போகிறான் என்று நினைத்திருக்க மாட்டார். ஜெயிலில் குளிருமா? இந்த ஊர் ஜெயிலா, கீழே கோயமுத்தூருக்குக் கொண்டுபோவார்களா? கோயமுத்தூர் என்றால் தேவலை, சமவெளி, பின்னால் மலை கிடையாது. சிறைக்குப் போகிறவன் மண்ணின் தன்மையைப் பார்க்கிறான், இந்தப் புத்திக்கு என்ன வைத்தியம். மழை இன்னும் வலுத்தது. ஓரமாக ஓடும் சாக்கடை சிவந்து போயிற்று. பார்க்காதே என்று சொல்லிக்கொண்டார். பார்த்தார்.

பெஞ்சு ஆடியது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஈரக் குடையை மடக்கிக் காலடியில் வைத்தபோதுதான் அது புஷ்பலீலா என்று தெரிந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருகிறாள். வரவேண்டிய அவசியம் இல்லை, சாட்சி சொல்லியாயிற்று. வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, கலைந்ததும் பஸ்ஸுக்கு ஓடுவாள். இவ்வளவு பக்கத்தில் ஒருநாளும் வந்ததில்லை. திட்டப்போகிறாள் என்று நினைத்தார். திட்டினால் நல்லதுதான் என்றும் நினைத்தார், யாராவது ஒருத்தர் நேராகத் திட்டினால் தேவலை.

“சார், ஒண்ணு கேக்கணும்.”

“கேஸ் நடக்குதும்மா. நாம பேசக் கூடாது.”

“கேஸைப் பத்தி கேக்கலை சார். கேஸை எவன் கேட்டான்.” அவள் முந்தானைக்குள்ளிருந்து போனை எடுத்துத் துடைத்தாள். “எங்களைப் புதுசா ஒரு எடத்துல வச்சிருக்காங்கல்ல, ஸ்கூலுக்கு மேல, தகர வீடு. அதுக்குப் பின்னாடி சுவரு கட்டியிருக்காங்க. காலையில சின்னவன் இதைப் புடிச்சுக் காட்டுனான். பாருங்க.”

பார்க்கக் கூடாது. கேசவமூர்த்தி எங்கே? வராந்தாக் கோடியில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பார்த்தால் சாட்சியைக் கலைத்தான் என்பார்கள். அவள் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டது அவர் கைதான், அவர் இல்லை. கல்சுவர். அடியில் தண்ணீர் போக விட்ட ஓட்டைகள். சுவர் நடுவில் லேசாக வயிறு தள்ளியிருக்கிறதா, இல்லை படம் எடுத்த கோணமா?

“ஓட்டையில தண்ணி வருதா?”

“நேத்து வரைக்கும் வந்துச்சு. இன்னைக்கு நின்னுருச்சுங்கிறான்.”

மழை கொட்டுகிறது, தண்ணீர் நின்றுவிட்டது. மண் வந்து அடைத்திருக்கலாம், அப்படியானால் பின்னால் தேங்குகிறது. அல்லது மேலே எங்கோ வாய்க்காலைத் திருப்பியிருக்கலாம், அப்படியானால் நல்லது. ஒரு படத்தை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது? இறங்குங்கள் என்று சொல்லி ஒன்றும் நடக்காவிட்டால், கூண்டில் நிற்கும்போதே மறுபடி பீதி கிளப்பினான் என்று இன்னொரு காகிதம். பயமில்லை என்று சொல்லி ஏதாவது நடந்துவிட்டால்? முற்றிலும் மறுப்பதற்கில்லை, தற்சமயம் கிடைக்கும் தரவுகளின்படி, வாய் வரைக்கும் எல்லாம் வந்து நின்றது. அந்தப் பழைய வார்த்தையும் வந்தது. நாக்கு அதைத் தொட்டது. தாலுகா ஆபீசுல போய்ச் சொல்லும்மா என்று தட்டிக்கழித்துவிடலாம், அது சட்டப்படி சரி, கேசவமூர்த்தி கை கொடுப்பார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், மூக்குத்தியில் மழைத்துளி நின்றது. அவருக்குக் களைப்பாக இருந்தது. முப்பது வருஷமும் சேர்ந்து இந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி அப்படி ஒரு களைப்பு.

“எனக்குத் தெரியலைம்மா” என்றார். “விழலாம், விழாமலும் போகலாம். சத்தியமா எனக்குத் தெரியாது.”

சொன்னதும் காது சுட்டது. சர்வீஸில் யாரிடமும் சொல்லாத வார்த்தை. இதைச் சொல்லவா உனக்குச் சர்க்கார் சம்பளம் என்று அவள் கேட்பாள், கேட்கட்டும் என்று குனிந்து காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. எழுந்து இரண்டடி தள்ளிப் போய்ப் போனில் பேசினாள். மழைச் சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது.

“டேய், உங்க அப்பாகிட்ட குடு… இந்தாங்க, எல்லாரையும் கெளப்புங்க. துணிமணி அப்புறம் எடுத்துக்கலாம். கீழ மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குப் போயிருங்க. பக்கத்து வீட்டுலயும் சொல்லுங்க… ஆமா, சாருகிட்டதான் கேட்டேன். அவருக்கே தெரியலையாம். ஆமாங்கிறேன். கெளம்புங்க மொதல்ல.”

போனை முந்தானைக்குள் செருகிக்கொண்டு வந்து குடையை எடுத்தாள். அதன் ஒரு கம்பி மடங்கியிருந்தது, அதை நேராக்கிக்கொண்டே, அவரைப் பார்க்காமல், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

“தெரியலைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா அப்பவே எறங்கியிருப்போம் சார்.”

படியிறங்கி மழைக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள். கேசவமூர்த்தி கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, சார் உங்களைத்தான், எழுந்திரிங்க என்று தோளைத் தொட்டார். அம்பலவாணன் நிமிர்ந்து பார்த்தார், எழுந்திருக்கவில்லை.